நல்ல தண்ணீர் இருந்த வழி

யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கோ கொழும்புக்கோ போகிறவர்களில் பெரும்பாலோர் ஏ-9 வீதியைத்தான் பிடிக்கிறார்கள். கிளிநொச்சி, வவுனியா, அநுராதபுரம் என்று உள்நாட்டுக்குள்ளால் ஓடும் அந்த வழி விரைவானது. கடலைப் பெரும்பாலும் கைவிடாமல் போகும் இன்னொரு வழி உண்டு. நாவற்குழியில் வலப்பக்கம் திரும்பி, சங்குப்பிட்டியில் பரவைக்கடலைக் கடந்து, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று தெற்கே இறங்கினால் மாந்தை வரும். அங்கிருந்து தாம்போதியால் மன்னார்த் தீவுக்குள் போய் வரலாம். பிறகு வங்காலை, அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி. அதற்குக் கீழே வில்பத்துக் காடு. காடு முடிந்தால் புத்தளம். வழியை ஒரே பகலில் ஓடி முடிக்கவும் முடியும். ஆனால் அப்படி ஓடுகிறவர் இந்தக் கரையில் பார்க்க வேண்டியதில் பாதியைக்கூடப் பார்க்கமாட்டார். மூன்று பகல் ஒதுக்கினால்தான் அதற்கு நியாயம்.

மோட்டார் வருவதற்கு முன்னர் இதே கரையில் பயணம் போனவர்கள் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் நாட்களை வகுத்தார்கள். இன்று இரவு தங்கும் இடத்தில் நல்ல தண்ணீர் உண்டா? நாளை கடக்க வேண்டிய ஆறோ பரவையோ வழிவிடுமா? வாடைக்காற்றோடு வரும் மழை மூன்று மாதம் ஆறுகளை நிரப்பிவிடும். சோளகம் வீசும் மாதங்களில் கிணற்றுத் தண்ணீர்கூட உவர்த்துப்போகும். ஆகவே எப்போது புறப்படுவது என்பதை ஊர்த் தண்ணீர்தான் முடிவு செய்தது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர நல்ல பதில் கிடைத்த இடம் மாந்தை. திருக்கேதீஸ்வரச் சிவன் கோயில் அங்கே நிற்பதற்கும், அதைச் சுற்றி ஒரு துறைமுகப் பட்டினம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததற்கும் அதுவே பெருங் காரணம்.

வரைபடத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் நீர் ஆழமற்றது. இந்தியக் கரையிலிருந்தும் மேற்குக் கடலிலிருந்தும் வந்த கலங்கள் இங்கே ஒதுங்கிச் சரக்கை மாற்றிக்கொண்டன. பின்னால் அநுராதபுரம் இருந்தது. அங்கிருந்து இறங்கிவரும் அருவியாறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா, 164 கிலோமீற்றர் ஓடி மாந்தைக்குத் தெற்கே அரிப்புப் பக்கமாகக் கடலில் விழுகிறது. ஆற்றோரமாக நடந்தால் தலைநகரத்தை அடையலாம், வழியெல்லாம் தண்ணீர். மகாவம்சம் மகாதித்த என்று குறிப்பதும் தமிழர் மாதோட்டம் என்று அழைத்ததும் இந்தத் துறைமுகத்தைத்தான். விஜயனுக்காக மதுரையிலிருந்து அனுப்பப்பட்ட பாண்டிய இளவரசி வந்து இறங்கிய துறையும் இதுவே என்கிறது அந்த நூல். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அடுத்த நூற்றாண்டில் சுந்தரரும் கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடினார்கள். இருவரும் இராமேச்சரத்தில் நின்று கடலுக்கு இப்பால் பார்த்துப் பாடியதாகவே மரபு. அப்படியிருந்தும் பாலாவித் தீர்த்தம் சுந்தரரின் பாட்டில் இருக்கிறது. அக்கரையில் நின்றவருக்கும் இந்தக் கோயிலோடு சேர்ந்து நினைவுக்கு வந்தது ஒரு நீர்நிலை.

மண்ணுக்குள் கிடந்தது இன்னும் விரிவான கதை. குதிரைலாடம் போன்ற ஒரு பெரிய மேடு, அதைச் சுற்றி இரட்டை அகழி. இதுதான் பழைய மாந்தை. 1920களில் ஹோகார்ட்டும் 1950இல் சண்முகநாதனும் இங்கே அகழ்ந்தார்கள். 1980க்கும் 1984க்கும் இடையில் தொல்லியல் திணைக்களத்தோடு ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது சீனப் பீங்கானும், பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பச்சைநீலப் பூச்சுப் பாண்டங்களும் அடுக்கடுக்காகக் கிடைத்தன. போர் மூண்டதால் பணி நின்றது. 2009, 2010 ஆண்டுகளில் மறுபடி அகழ்ந்தவர்கள் மண்ணை நீரில் அலசிக் கருகிய தானியங்களையும் விதைகளையும் பொறுக்கினார்கள். பெரும்பகுதி நெல். அதற்குள் மிளகு இருந்தது, கோதுமை மணி ஒன்று இருந்தது, திராட்சை விதைகள் இருந்தன, கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட ஒற்றைக் கராம்பும் இருந்தது. கராம்பு அந்நாளில் விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். ஆசியத் தொல்லியலில் அதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய கராம்பு இது என்று 2018இல் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்று மாந்தைச் சந்தியில் பஸ்சை விட்டு இறங்குகிறவர் காண்பது பற்றையும் மேடும்தான். நிலத்துக்குள் கிடப்பதன் பெறுமதிக்குத் தக்கதாக நிலத்துக்கு மேல் எதுவும் சொல்லப்படாமல் இருப்பது பெருங்குறை.

பத்தாம் நூற்றாண்டின் முடிவில் சோழர் வந்தபோது மாதோட்டம் இராசராசபுரம் ஆயிற்று. சோழநாட்டுத் தலைவன் தாழி குமரன் அங்கே இராசராச ஈச்சரம் என்ற கோயிலை எடுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு பட்டினம் மெல்லத் தளர்ந்தது. தலைநகர் அநுராதபுரத்தை விட்டுப் பொலனறுவைக்குப் போனதும், கப்பல்கள் வேறு துறைகளை நாடியதும் சேர்ந்து அதன் வாழ்வை முடித்தன.

பட்டினம் தளர்ந்தாலும் கரை வழி ஓயவில்லை. 1344இல் மாலைதீவிலிருந்து மதுரைச் சுல்தானகத்துக்குப் புறப்பட்ட மொரோக்கோப் பயணி இபின் பதூதாவைக் காற்று புத்தளத்தில் கொண்டுவந்து இறக்கியது. அப்போது அங்கே தங்கியிருந்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீகம் விளங்கும் மன்னர். முத்துக் குவியலை விருந்தாளிக்குக் காட்டி மகிழ்ந்தவர். கரையில் கறுவாக் கட்டைகள் மலைபோல் ஒதுங்கிக் கிடப்பதையும், அக்கரை வணிகர் துணி கொடுத்து அதை ஏற்றிப் போவதையும் பதூதா எழுதிவைத்தார். அவருக்குப் பாவாதமலைக்கு, அதாவது சிவனொளிபாதமலைக்குப் போக ஆசை. மன்னர் ஒரு பல்லக்கையும், ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணரையும், தம் ஆட்கள் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார். அந்தக் குறிப்பில் அடுத்து வருவது தண்ணீர்: வழியில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆகவே அதைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. முதல்நாள் மாலையே ஓர் ஆற்றைத் தெப்பத்தில் கடந்திருக்கிறார்கள். தண்ணீரும் ஆற்றுக்கடவையும் பதூதாவின் குறிப்பில் முதலிலேயே இடம்பிடித்துவிட்டன. வழி தெரிந்தவர்கள் கூட வந்தால் பயணம் எவ்வளவு இலேசாகும் என்பதற்கு அந்த நான்கு யோகிகளே சாட்சி.

போர்த்துக்கேயர் வந்தபோது கரையின் ஒழுங்கே மாறியது. 1560இல் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள். கேதீச்சரத்தின் கற்கள் அந்தச் சுவர்களுக்குள் போயின என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவருவது. 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பூநகரி, மன்னார், அரிப்பு, கற்பிட்டி என்று கரையோரமாக நின்ற கோட்டைகளைக் கவனித்தால் அவை எதைக் காத்தன என்பது விளங்கும். பூநகரி யாழ்ப்பாணப் பரவையின் கடவையைக் காத்தது. மன்னார் தீவின் வாயிலைக் காத்தது. அரிப்பு ஆற்று முகத்தையும் முத்துப் பாரையும் காத்தது. கற்பிட்டி புத்தளக் களப்பின் கழுத்தைப் பிடித்து நின்றது. கண்டி அரசனின் குடிகளுக்கு உப்பும் கருவாடும் எந்த வாயிலால் போக வேண்டும் என்பதையும் இவற்றால் தீர்மானிக்க முடிந்தது.

ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது மாந்தையிலிருந்து இன்னொரு பயணம் கிளம்பியது. 1670இல் மாந்தைத் தேவாலயத்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இருபது குடும்பங்கள் காட்டுக்குள் போயின. அவர்கள் நின்ற இடம் மருதமடு. இன்று ஆவணித் திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும் இலட்சக்கணக்கில் கூடும் மடுத் தேவாலயத்தின் தொடக்கம் அது. சைவத்தின் பழம்பதியும் கத்தோலிக்கரின் பெரும் யாத்திரைத் தலமும் ஒரே மாந்தை மண்ணில் வேர் கொண்டவை என்பதை இரண்டு பக்கத்தாரும் அடிக்கடி நினைத்துக்கொண்டால் நல்லது.

இந்தக் கரைக்கு வந்து சேரத் திட்டமிட்டவர்களில் அதிக காலம் எடுத்தவர் றொபேர்ட் நொக்ஸ். ஆங்கிலக் கப்பல்காரர், 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். கொல்லப்படவில்லை, சிறையில் பூட்டப்படவுமில்லை. ஆனால் நாட்டை விட்டுப் போகத் தடை. அவரும் ஸ்டீபன் றட்லண்டும் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றைச் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். விற்பனை ஒரு சாட்டு. வடக்கே எந்த ஊரில் காவல் உண்டு, எந்தப் பாதை எங்கே போகிறது என்று பார்த்து வைப்பதுதான் நோக்கம். ஆண்டுகள் ஓடின. தொடர்ந்து மூன்று நான்கு வருடம் மழை பொய்த்து வடக்குப் பக்கம் பஞ்சத்தில் விழுந்தபோது அவர்கள் நகரவே முடியவில்லை. காட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஓடித் தப்புவது எப்படி? கடைசியில் அநுராதபுரம் வந்து, அருவியாற்றைப் பிடித்து, அதன் கரையை விடாமல் யானைக்கும் கரடிக்கும் நடுவே நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆந் திகதி அரிப்புக் கோட்டை வாசலில் நின்றார்கள். ஒல்லாந்தர் அவர்களை மன்னாருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கப்பலில் கொழும்பு. பத்தொன்பது ஆண்டுக்கு மேற்பட்ட சிறையிருப்பு ஓர் ஆற்றங்கரையால் முடிந்தது. 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் கண்டி இராச்சியத்தைப் பற்றி ஐரோப்பா வாசித்த முதல் நெருக்கமான விவரணம்.

ஆங்கிலேயர் காலத்தில் திட்டமிடுதல் ஆட்பலம் ஆயிற்று. முதல் ஆள்பதி பிரெடரிக் நோர்த் 1800இல் தீவைச் சுற்றி வந்தபோது 160 பல்லக்குத் தூக்கிகள், 400 கூலியாட்கள், இரண்டு யானைகள், ஐம்பது லஸ்கர்கள் கூட நடந்தார்கள். ஒரு மனிதர் பார்த்து வருவதற்கு அறுநூறு பேர். அவருக்கு அரிப்பில் வேறு அக்கறையும் இருந்தது. கடலில் முத்து எடுக்கும் நாட்களில் கரையில் இருந்து மேற்பார்வை செய்ய 1801 முதல் 1804 வரை அங்கே ஒரு மாளிகை கட்டுவித்தார். கிரேக்கத் தூண் பாணியில் எழுந்ததால் டொரிக் என்று பெயர். மணல்மேட்டு விளிம்பில் நிற்கும் அதன் சுவர்களைக் கடல் ஆண்டுக்கு ஆண்டு அரித்துக்கொண்டிருக்கிறது. பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் போவது உத்தமம்.

முத்துக்குளிப்புக்கு ஒரு வசதி இருந்தது: தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும். சிப்பி முற்றியிருக்கிறது என்று பார் சோதனையில் தெரிந்த ஆண்டுகளில் மட்டும், வாடை அடங்கிக் கடல் தெளியும் மாசி, பங்குனியில், சிலாபத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் நடுவே வெறும் மணலில் ஓலைக்கொட்டில் பட்டினம் ஒன்று முளைக்கும். கீழக்கரை மரைக்காயர், தூத்துக்குடிப் பரதவர், யாழ்ப்பாணத்துச் சம்மாட்டிகள், நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பம்பாய் வியாபாரிகள், வளைகுடா அரபுச் சுழியோடிகள் எல்லாரும் வந்து சேர்வார்கள். கச்சேரி, நீதிமன்றம், ஆசுபத்திரி, கடைத்தெரு எல்லாம் சில வாரங்களுக்கு. முடிந்ததும் ஓலையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். சிப்பி ஓடுகள் மட்டும் கிடக்கும். 1905 முத்துக்குளிப்பு வருமானத்தில் பெரியது. யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃப் 1906இல் மறிச்சுக்கட்டிக்குப் பணிக்கு அனுப்பப்பட்டு, அந்த மணல் பட்டினத்தைப் பற்றிப் பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதினார். அதே 1906இல் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாகப் போயின. சில ஆண்டுகளில் சிப்பி அற்றுப்போயிற்று. 1925க்குப் பிறகு சொல்லத்தக்க முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

இதே காலத்தில், இதே கரையில் இறங்கிய இன்னொரு கூட்டத்துக்குத் தேதியும் இல்லை, பல்லக்கும் இல்லை. 1820களிலிருந்து, முக்கியமாகக் காப்பித் தோட்டங்கள் பெருகிய 1840களில், இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துச் சனங்கள் பாம்பன், தொண்டி, தேவிபட்டினம் துறைகளில் தோணி ஏறினார்கள். தலைமன்னாரிலோ வங்காலை, அரிப்புப் பக்கத்திலோ இறக்கிவிடப்பட்டார்கள். அங்கிருந்து மாத்தளை வரை நடை. வழி காட்டியவர் கங்காணி. செலவும் அவர் கணக்கில், அதாவது கடனாக. மன்னாரிலிருந்து உள்ளே போகும் அந்த வழி அடர்ந்த வறட்சிக் காடு. குளங்கள் பல உடைந்து கிடந்த காலம். கிடைத்த குட்டையில் குடித்தார்கள், வாந்திபேதி வந்தது. மலைக்காய்ச்சல் வந்தது. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். இறந்தோர் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்; எழுதிவைக்க யாரும் அக்கறைப்படவில்லை என்பதே அந்த வாதத்தின் காரணம். பின்னர் அரசாங்கம் வழியில் தங்கும் கொட்டகைகளையும் கிணறுகளையும் அமைத்தது. பல்லாயிரம் உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு அது. பதூதாவுக்கு மன்னர் முதல் நாளே செய்து கொடுத்ததை இவர்களுக்குச் செய்ய ஒரு பேரரசுக்குப் பல பத்து ஆண்டு தேவைப்பட்டது.

2023இல் மலையக மக்கள் இங்கே வந்து இருநூறு ஆண்டு நிறைவதை நினைத்து ஒரு நடைபயணம் ஏற்பாடாயிற்று. ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் தொடங்கி, 252 கிலோமீற்றர் நடந்து, ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் முடித்தார்கள். ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது, யார் சோறு சமைப்பது, யார் தண்ணீர் கொண்டுவருவது என்று வழியூர்ச் சனங்கள் முன்வந்து பங்கிட்டுக்கொண்டார்கள். தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் சிங்களக் கிராமங்களும் அதில் இருந்தன. இந்த நூற்றாண்டில் மன்னாரிலிருந்து புறப்பட்ட பயணங்களில் மிகக் கவனமாகத் திட்டமிடப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று என்றே சொல்ல வேண்டும். முன்னோருக்கு மறுக்கப்பட்ட ஒவ்வொன்றையும் அது பெயர்சொல்லி ஏற்பாடு செய்தது.

கேதீச்சரம் இந்தக் காலமெல்லாம் காட்டுக்குள் கிடந்தது. ஆறுமுக நாவலர் 1872இல் அதை மீட்க வேண்டும் என்று சைவரை எழுப்பினார். நிலம் 1893இல் விலைக்கு வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அகழ்ந்தபோது பழைய இலிங்கமும் நந்தியும் வெளிப்பட்டன. 1903இல் சிறு கோயில் எழுந்தது. 1948இல் திருப்பணிச் சபை அமைந்த பின்னரே, சேர் கந்தையா வைத்தியநாதனின் முயற்சியால், கருங்கல் திருப்பணி நடந்து மடங்கள் வளர்ந்தன. கோயிலுக்கு முன் வழி வேண்டும். வழிக்கு முன் தங்க இடம் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மாட்டு வண்டியிலும் பிறகு பஸ்சிலும் வந்த அடியார்களுக்கு அந்த மடங்கள்தான் பயணத்தைச் சாத்தியமாக்கின.

நீண்ட தூரப் பயணிகளை 1914 கரையிலிருந்து பிரித்துவிட்டது. பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. தலைமன்னாரில் காத்திருந்த ரயில் மதவாச்சி வழியாகக் கொழும்புக்குப் போனது. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்புக் கோட்டை வரை போகலாம். கரையோர ஊர்கள் எவர் கண்ணிலும் படாமல் போயின. வாடிவீடுகளில் அரச உத்தியோகத்தரும் வேட்டைக்காரரும் மட்டும் தங்கினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் 1984 வரை தொடர்ந்து பிறகு நின்றது.

அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தக் கரையில் எவரும் தம் பயணத்தைத் தாமே வகுக்கவில்லை. 1990இல் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி முதலான மன்னார்த் தீவு ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதோடு வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். தலைமுறைகளாக மீனும் கருவாடும் ஏற்றிப் போய்வந்த அதே கடல்வழி. புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. வடக்கே, ஆனையிறவு அடைபட்டது. 1991இல் இராணுவம் பூநகரியில் தளம் அமைத்ததும் சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையில் ஓடிய பாதைப் படகும் நின்றது. யாழ்ப்பாணச் சனம் கொம்படி, ஊரியான் சேற்றுவெளியால் நடந்தது. பிறகு கிளாலிப் பரவையை இருளில் வள்ளத்தில் கடந்தது. 1993 ஜனவரியில் அங்கே கடற்படைத் தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். திருக்கேதீஸ்வரமும் படையினரின் வசம் போய், அடியார் நுழைய முடியாத இடமாகப் பல வருடம் கிடந்தது.

போர் ஓய்ந்த பின் பாலங்கள்தான் முதலில் வந்தன. ஜப்பான் உதவியோடு கட்டிய மன்னார்ப் பாலமும் தாம்போதியும் 2010 மார்ச்சில் திறந்தன. 288 மீற்றர் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில். தலைமன்னாருக்கு ரயில் 2015 மார்ச்சில் மறுபடி ஓடியது. வீதிக்குப் பின் குழாய்நீர் வந்தது. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரம் அருகே நீர்க்குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தில் மனித எலும்புகள் தெரிந்தன. தோண்டத் தோண்ட எண்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள். அவர்கள் யார், எப்போது, எப்படி என்பதற்கு அவர்களைத் தேடும் குடும்பங்கள் இன்றும் பதில் கேட்டு நிற்கின்றன. கோயிலைப் பார்க்க வருகிற எவரும் அந்த இடத்தையும் அறிந்து கொண்டே போக வேண்டும். அழகான கடற்கரை வழி என்று மட்டும் இந்த வீதியை விற்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

இப்போது மூன்று பகலை எப்படி வகுப்பது? மாசி, பங்குனி ஏற்ற காலம். மழை விட்டிருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகள் இன்னும் நிற்கும். முதல்நாள் யாழ்ப்பாணத்தில் விடிய வெளிக்கிட்டு, பூநகரிக் கோட்டையைப் பார்த்து, மதியத்துக்கு முன் கேதீஸ்வரம். இந்திய அரசின் உதவியோடு புதுக்கிய கோயிலுக்கு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. சிவராத்திரியில் வருகிறவர் பாலாவித் தண்ணீரைத் தாமே மொண்டு சுமந்துவந்து பெரிய இலிங்கத்துக்கு வார்க்கலாம். ஆனால் அந்த நாட்களில் மன்னாரில் அறை கிடைப்பது கடினம், மடங்களும் நிரம்பிவிடும். இரண்டாம் நாள் முழுவதும் தீவுக்கு: கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், பேசாலை, தலைமன்னார் இறங்குதுறை. பெருக்கமரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது ஊர் நம்பிக்கை. தென்கரையில் 2020இல் இயங்கத் தொடங்கிய முப்பது காற்றாலைகள் சுழல்வதைக் காணலாம். மேலும் காற்றாலைகளையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்துத் தீவு மக்கள் 2025இல் வீதியில் இறங்கினார்கள். மணலுக்குள் தங்கும் மழைநீர்தான் தீவின் கிணறுகளுக்கு ஆதாரம். மணல் போனால் கிணறு உவர்க்கும் என்ற அவர்களின் அச்சத்தை இந்தக் கரையின் கதை தெரிந்த ஒருவர் அலட்சியப்படுத்த முடியாது.

மூன்றாம் நாள்தான் சிக்கல். அரிப்பில் டொரிக், பிறகு சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி வரை தார்வீதி. அதற்கப்பால் மோதரகம் ஆற்றிலிருந்து கலா ஓயா வரை வில்பத்துத் தேசிய பூங்கா. போருக்குப் பின் திறந்த அந்தக் காட்டுவழியை மூட வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள்: யானையும் சிறுத்தையும் வாழும் சரணாலயத்தைப் பொதுவீதி பிளக்கிறது என்பது அவர்கள் வாதம். காட்டுக்கு வடக்கே மீள்குடியேறிய முசலி மக்களோ, புத்தளத்துக்குத் தங்கள் முன்னோர் போய்வந்த வழி இது, மதவாச்சியைச் சுற்றிப் போனால் தூரம் பல மடங்கு என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பகலில் மட்டும், குறைந்த வேகத்தில், தார் போடாமல், பயணிகள் பஸ்சுக்கு முன்னுரிமை கொடுத்துத் திறந்து வைப்பது இரண்டு தரப்புக்கும் இழப்பைக் குறைக்கும் வழியாகத் தோன்றுகிறது. கலா ஓயாவின் தாழ்ந்த பாலம் மாரியில் வெள்ளத்துக்குள் போய்விடும். ஆகவே வழி திறந்திருக்கிறதா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று முந்தின நாள் சிலாபத்துறைத் தேத்தண்ணீர்க் கடையில் விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. திறந்திருந்தால் பொழுது சாய முன் புத்தளம் சேரலாம். மூடியிருந்தால் முருங்கன் வழியாக மதவாச்சிக்குத் திரும்ப வேண்டும்; அந்த வழியில் கட்டுக்கரைக்குளம் இருக்கிறது, ஒரு மணித்தியாலம் அங்கே ஒதுக்கலாம்.